மணிக்கட்டுக்கு மூன்று விரல் மேலே

ஆம்பூர்
17.1.1982

அன்புள்ள சாவித்திரிக்கு,

அண்ணி எழுதுகிறேன். உன் அண்ணனும் நானும் சௌக்கியம். குடியாத்தத்தில் அத்தைக்கு முழங்கால் வலி இப்போது கம்மி. கான்பூர்க் குளிரில் நீயும் பரந்தாமன் அண்ணனும் ரகுவும் எப்படி இருக்கிறீர்கள்? அவனுக்குக் காதை மூடித் துணி கட்டு.

போன மாதம் பயிற்சிக்காக மெட்ராஸ் போயிருந்தேன். என்ன பயிற்சி என்று சொன்னால் நீ சிரிப்பாய். சீன ஊசி வைத்தியம். கொழும்பில் கற்றுக்கொண்டு வந்த ஒரு டாக்டர் சொல்லிக்கொடுத்தார். எங்கள் ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் கேலிதான். "மயக்க மருந்து கொடுக்கிற டாக்டரம்மா இனிமே மந்திரிச்சுத் தாயத்தும் கட்டுவாங்க" என்று காது கேட்கவே பேசுகிறார்கள்.

விஷயம் இதுதான். சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைக்கிறோம். அப்போது பல பெண்களுக்கு பிரஷர் சட்டென்று இறங்கிவிடும். குமட்டும், வாந்தி வரும். அதற்காக முன்கூட்டியே டிரிப் ஏற்றுகிறோம், இடது பக்கம் சற்றுச் சாய்த்துப் படுக்க வைக்கிறோம், மருந்தும் தயாராக வைத்திருக்கிறோம். இப்போது கூடவே இன்னொன்றும் செய்து பார்க்கிறேன். மணிக்கட்டு மடிப்பிலிருந்து அந்தப் பெண்ணின் விரலால் மூன்று விரல் மேலே, இரண்டு நரம்புகளுக்கு நடுவில் ஓர் இடம். அங்கே விரலை எடுக்காமல் அழுத்தும்படி நர்ஸிடம் சொல்கிறேன்.

முந்தாநாள் அன்வரி பேகம் என்று ஒருத்தி. ஷூ கம்பெனிக்கு வீட்டிலிருந்தே தைத்துக் கொடுப்பவள். "இன்னா டாக்டரம்மா, கையைப் புடிச்சா வயிறு கேக்குமா?" என்றாள். கடைசிவரை அவளுக்கு வாந்தி இல்லை, பிரஷரும் அவ்வளவாகச் சரியவில்லை. ஒருத்தியை வைத்து எதையும் சொல்லிவிட முடியாதுதான். ஆனாலும் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சந்தோஷமாக இருந்தது. உன் அண்ணனிடம் சொன்னேன். கடைக்கு வந்த லுங்கி மூட்டையைப் பிரித்துக்கொண்டே "ம்" என்றார். அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

ரகுவுக்கு முத்தம்.
சந்திரா


கான்பூர்
4.2.1982

அன்பு அண்ணிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. மூவரும் நலமாக இருக்கிறோம், ரகுவுக்கு மட்டும் மூக்கு ஒழுகுகிறது. இவருக்கு டேனரியில் வேலை ஜாஸ்தி. தோல் பதம் சரியில்லை என்று மொத்தச் சரக்கையும் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். காற்று இந்தப் பக்கம் திரும்பினால் ஆம்பூரில் இருப்பது மாதிரியே இருக்கும். அந்த நாற்றத்தில் எனக்கு ஊர் ஞாபகம் வருகிறது என்று சொன்னால் பக்கத்து வீட்டுக்காரிக்கு நம்பிக்கை வரவில்லை.

நீங்கள் எழுதியதை இவருக்குப் படித்துக் காட்டினேன். ஆச்சரியப்பட்டார். நீங்கள் கல்யாணமாகி வந்தபோது, படித்த பெண் நம் தறி வீட்டுக்கு ஒத்துவருவாளா என்று அம்மா கவலைப்பட்டது இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. எனக்கும் அப்போது உங்களிடம் பயம்தான். இப்போது இங்கே யார் கேட்டாலும் என் அண்ணி டாக்டர் என்று முதலில் அதைத்தான் சொல்கிறேன்.

அண்ணி, அந்த அன்வரி பேகம் முழித்துக்கொண்டுதானே இருந்தாள்? பிரஷர் இறங்கும்போது அது இறங்குகிறது என்று படுத்திருப்பவளுக்குத் தெரியுமா? சும்மாதான் கேட்கிறேன்.

அண்ணனுக்கு என் நமஸ்காரம்.
உங்கள் சாவித்திரி


ஆம்பூர்
20.2.1982

அன்புள்ள சாவித்திரி,

இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம். ரகுவின் சளி குணமானதா?

தெரியும். காது அடைக்கும். நெஞ்சு குமட்டும். எதிரில் இருப்பதெல்லாம் தூரமாகப் போகும். சிலருக்குக் கூப்பிட நினைத்தாலும் குரல் வராது. உடனே கவனித்தால் கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும்.

பத்து வருஷமாக இந்த வேலை பார்க்கிறேன். ஆபரேஷன் ஆகாத பெண்கள், வலிக்குமா என்று கேட்பார்கள், தழும்பு தெரியுமா என்று கேட்பார்கள். இதை யாரும் கேட்டதில்லை. ஒருமுறை அதில் போய் வந்தவர்கள்தான் கேட்பார்கள். ரகு பிறந்தபோது உனக்கு என்ன நடந்தது?

பதிலுக்குக் காத்திருக்கும்,
சந்திரா


கான்பூர்
28.3.1982

அன்பு அண்ணிக்கு,

சாவித்திரி எழுதுவது. நாங்கள் சுகம், அங்கே அனைவரும் சுகமாக இருக்க வேண்டும். பதில் போடத் தாமதமாகிவிட்டது, கோபம் வேண்டாம். ஹோலிக்கு வீட்டுச் சுவரெல்லாம் சாயம் அடித்துவிட்டார்கள். ரகுவுக்குத் தமிழைவிட இந்திதான் வேகமாக வருகிறது.

அண்ணி, ஒரு செய்தி. எனக்கு மூன்று மாதம் ஆகிறது. உங்களிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நாளைக் கடத்திக்கொண்டே வந்தேன். உங்களுக்கும் அண்ணனுக்கும் கல்யாணமாகி எட்டு வருஷமாகிறது. நான் மட்டும் இரண்டாவதைச் சொல்லிக்கொண்டு வருவது எனக்கு என்னவோ போல் இருக்கிறது. தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று தெரியும், இருந்தாலும்.

இதுவும் ஆபரேஷன்தான் என்று இப்போதே சொல்லிவிட்டார்கள். ரகு பிறந்ததெல்லாம் எனக்கு மறந்தே போய்விட்டது. இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது.

அம்மாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.
சாவித்திரி


ஆம்பூர்
6.4.1982

என் அன்பு சாவித்திரிக்கு,

உன் கடிதத்தை உன் அண்ணன் கடையிலேயே பிரித்துப் படித்துவிட்டு, மத்தியானம் ஷட்டரை இறக்கிவிட்டு ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். அவர் அப்படி வந்தது இதுதான் முதல் தடவை. அத்தைக்கு ஆள் அனுப்பினோம். சோளிங்கர் மலை ஏறுவதாக வேண்டிக்கொண்டாராம், முழங்காலை மறந்துவிட்டு.

என்னவோ போல் இருக்க வேண்டாம். எனக்கு அப்படி இல்லை. நம்பு.

ஏழாம் மாதத்திலேயே ரயில் ஏறி இங்கே வந்துவிடு. ரகுவுக்கு வலி முந்திக்கொண்டு அங்கேயே பிறந்தது போல இந்தத் தடவை ஆகக் கூடாது. உனக்கு நான்தான் ஊசி போடுவேன். தலைமாட்டில் உட்கார்ந்துகொள்வேன், குழந்தை அழும்வரை பேசிக்கொண்டே இருப்பேன். மறந்துபோனதாக எழுதியிருக்கிறாயே, அதை அப்போது சொன்னால் போதும்.

இரும்புச் சத்து மாத்திரையை விடாதே. வெயிலில் அலையாதே.
அண்ணி


கான்பூர்
10.6.1982

அன்பு அண்ணிக்கு,

நீங்களும் அண்ணனும் நலம்தானே. இங்கே ரகுவும் இவரும் நன்றாக இருக்கிறார்கள். நான் படுக்கையில் இருக்கிறேன். போன வாரம் கொஞ்சம் ரத்தம் பட்டது. குழந்தைக்கு ஒன்றும் இல்லை, துடிப்பு கேட்கிறது. ஆனால் இரண்டு நாள் ரயில் பயணம் கூடவே கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். நான் அழுததைப் பார்த்து இவர், "நீ இப்படிப் பேஜார் பண்ணிக்கினா குழந்தைக்கு ஆகாது" என்றார். நான் ஊருக்கு வர முடியவில்லை என்று அழுவதாக நினைத்துக்கொண்டார்.

அண்ணி, எனக்கு எதுவும் மறக்கவில்லை.

ஊசி போட்டுப் படுக்க வைத்த கொஞ்ச நேரத்தில் காது இரைந்தது. வாந்தி வந்தது, தலையைத் திருப்பக்கூட முடியவில்லை. கூரையில் இருந்த விளக்கு கிணற்றுக்கு மேலே தெரிகிற மாதிரி மேலே மேலே போனது. யாரோ ஒருவர், "பிரஷர் கிடைக்கவில்லை" என்று இந்தியில் சொன்னார். அப்போது எனக்கு அந்த அளவுக்கு இந்தி தெரியும். அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. பாத்திரங்கள் சத்தம் மட்டும். என்னிடம் ஒருத்தராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் செத்துப்போய்க்கொண்டிருக்கிறேன், அதனால்தான் யாரும் பேசவில்லை என்று நினைத்தேன். ரகு அழுதது எங்கேயோ அடுத்த தெருவில் அழுகிற மாதிரி கேட்டது. என் பிள்ளை என்றே தோன்றவில்லை. அதற்கப்புறம் ஒரு மாதம் அவனைத் தூக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு நடுங்கும். அம்மா வந்தபோது எல்லாம் நல்லபடியாக நடந்தது என்றேன். இவரிடமும் அப்படித்தான் சொன்னேன்.

நீங்கள் இருப்பீர்கள் என்ற தைரியத்தில்தான் இத்தனை நாள் இருந்தேன். அந்த இடத்தை நானே அழுத்திக்கொள்ளலாமா? கையைக் கட்டி நீட்டி வைத்திருப்பார்களே. என்ன செய்வது என்று எழுதுங்கள். சீக்கிரம்.

சாவித்திரி


கான்பூர்
14.7.1982

அண்ணிக்கு,

நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். நான் போட்ட கடிதம் வந்து சேர்ந்ததா? தபால்காரரை இரண்டு தடவை கேட்டுவிட்டேன். உங்களுக்கு வேலை அதிகம் என்று தெரியும். தினம் எத்தனையோ பேரைப் பார்க்கிறவருக்கு நான் எழுதியது பெரிய விஷயமாகத் தெரிந்திருக்காது. எழுதியிருக்க வேண்டாமோ என்று இப்போது தோன்றுகிறது.

சாவித்திரி


ஆம்பூர்
22.7.1982

சாவித்திரிக்கு ஆசீர்வாதம்.

ராஜகோபால் எழுதியது. உன் இரண்டு கடிதமும் வந்தது. உன் அண்ணிக்கு உடம்பு கொஞ்சம் முடியவில்லை. அணைக்கட்டில் அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். பயப்பட ஒன்றும் இல்லை. கட்டாயம் எழுதுவாள். நீ உடம்பைப் பார்த்துக்கொள். மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல்லவும். கடையில் வியாபாரம் சுமார்.

ராஜகோபால்


அணைக்கட்டு
3.8.1982

அன்புள்ள சாவித்திரி,

உன்னைக் காக்க வைத்துவிட்டேன். எனக்கு இப்போது பரவாயில்லை. படுத்துக்கொண்டு எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும். உன் வயிறு எப்படி இருக்கிறது, அசைவு தெரிகிறதா?

நீ எழுதியது எனக்குப் பெரிய விஷயம்தான். நாலு வருஷம் அதை நீ தனியாக வைத்திருந்தாய் என்பது அதைவிடப் பெரிய விஷயம்.

இத்துடன் ஒட்டிய உறை ஒன்று இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறேன். உனக்கு மயக்க மருந்து கொடுக்கப்போகிறவர் யார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, ஆபரேஷனுக்கு முன்னாலேயே அவரை நேரில் பார்த்துக் கொடு. தபாலில் போடாதே, யாரிடமும் கொடுத்தனுப்பாதே. போன தடவை நடந்ததை எழுதியிருக்கிறேன். டிரிப், சாய்வு, மருந்து என்று அவருக்குத் தெரிந்ததையே திரும்பவும் எழுதியிருக்கிறேன், கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். மணிக்கட்டு இடத்தைப் படம் போட்டுக் காட்டியிருக்கிறேன். அதை அழுத்துவது மற்றதற்குப் பதிலாக இல்லை, மற்றதோடு சேர்த்து என்று அடிக்கோடு போட்டிருக்கிறேன். நீயே அழுத்திக்கொள்ள வேண்டாம். அது இன்னொருவர் வேலை. உன் வேலை மூச்சுவிடுவது.

அவர் சிரித்தால் நீயும் சிரி. கடிதத்தைத் திருப்பி மட்டும் வாங்காதே.

உன் அண்ணி


கான்பூர்
4.10.1982

என் அன்பு அண்ணிக்கு,

தந்தி கிடைத்திருக்கும். பெண் குழந்தை. நானும் அவளும் சுகம். உங்கள் உடம்பு முழுக்கத் தேறிவிட்டதா? மறுபடியும் வேலைக்குப் போகிறீர்களா? உட்கார்ந்து எழுத இப்போதுதான் விட்டார்கள். எல்லாவற்றையும் எழுதப்போகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

மயக்க மருந்து டாக்டர் பெயர் நிகம். வயதானவர், சிடுசிடுப்பு என்று எல்லோரும் பயமுறுத்தினார்கள். இவரைக் கூட்டிக்கொண்டு போய் அவர் அறை வாசலில் நின்றேன். உறையை வாங்கி, நின்றபடியே பிரித்தார். பிறகு உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தார். படத்தைப் பார்த்ததும் சிரித்தார். "ஆபரேஷன் வயிற்றில், வைத்தியம் கையிலா?" என்றார். நீங்கள் சொன்னபடி நானும் சிரித்தேன்.

"இதை எழுதியது யார்?" என்றார்.

"என் அண்ணி. அண்ணன் மனைவி."

"நாத்தனாருக்காகவா இத்தனை பக்கம்?" என்று இவரைப் பார்த்துக் கேட்டார். "என் வீட்டில் அண்ணியும் நாத்தனாரும் ஒரே அடுப்பில் சமைக்கக்கூட மாட்டார்கள்."

அப்புறம் சிரிப்பு நின்றது. "இந்த அழுத்துகிற விஷயத்தை நான் நம்பவில்லை. ஆனால் மீதியெல்லாம் என் மாணவர்கள் யாரும் இவ்வளவு தெளிவாக எழுதியதில்லை. அழுத்துவதால் கெடுதல் ஒன்றும் இல்லை, செய்வோம்" என்றார். கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஆபரேஷன் அன்று ஊசி போடும்போது எனக்குப் பல் கிட்டித்துவிட்டது. படுக்க வைத்து வலது இடுப்புக்குக் கீழே துணி மடித்து வைத்தார்கள். ஏலியாம்மா என்று ஒரு மலையாளி நர்ஸ் என் கையைப் பிடித்து, என் விரலாலேயே மூன்று விரல் அளந்து, கட்டை விரலை அங்கே வைத்து அழுத்தினார். "சேச்சி இவிடத்தன்னே உண்டு, பேடிக்கண்டா" என்றார். இங்கேயேதான் இருக்கிறேன், பயப்படாதே என்கிறார் என்று, முழுக்கப் புரியாவிட்டாலும் புரிந்தது.

டாக்டர் நிகம் என் தலைமாட்டில் குனிந்து, "உன் பிரஷர் நூற்றுப் பத்து" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நூற்று நாலு" என்றார். "தொண்ணூற்றி எட்டு. உன் பையன் எந்த ஸ்கூலில் சேரப்போகிறான்?" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. டாக்டர்கள் இப்படி நோயாளியிடம் எண் சொல்வார்களா? "தொண்ணூற்றி ரெண்டு" என்றபோது குமட்டல் வந்தது. காது அடைக்க ஆரம்பித்தது. அய்யோ, அதேதான் என்று நினைத்தேன். ஏலியாம்மாவின் விரல் எலும்பைத் தொடுகிற மாதிரி அழுந்தியது. டாக்டர் டிரிப் குழாயில் எதையோ செலுத்தினார். "இறங்கியது, மருந்து கொடுத்திருக்கிறேன், ஏறப்போகிறது. என்னைப் பார்" என்றார். பார்த்தேன். "நூறு" என்றார். "நூற்றி ஆறு." வாந்தி வரவே இல்லை. விளக்கு அது இருந்த இடத்திலேயே இருந்தது.

அப்புறம் அவள் அழுதாள். என் காதுக்குப் பக்கத்திலேயே அழுதாள் அண்ணி. என் பிள்ளைதான் என்று உடனே தெரிந்தது.

மறுநாள் பார்க்க வந்தபோது, எண்ணை ஏன் சொல்லிக்கொண்டே இருந்தீர்கள் என்று டாக்டரிடம் கேட்டேன். பையிலிருந்து உங்கள் கடிதத்தை எடுத்து ஒரு வரியை இந்தியில் படித்துக் காட்டினார். "இவள் பயப்படுவது பிரஷர் இறங்குவதற்கு அல்ல, யாரும் பேசாமல் இருப்பதற்கு. தயவுசெய்து ஒவ்வொரு முறையும் எண்ணை இவளிடம் சொல்லுங்கள்." அவர் படிக்கும்போது இவரும் பக்கத்தில் நின்றார். வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

உங்களைப் போல் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்ததற்கு நாங்கள் என்ன செய்தோம் என்று தெரியவில்லை.

உங்கள் சாவித்திரி


ஆம்பூர்
21.10.1982

அன்புள்ள சாவித்திரிக்கு,

உங்கள் நால்வரின் சுகம் அறிந்து சந்தோஷம். நால்வர் என்று எழுதுவதே நன்றாக இருக்கிறது. எனக்கு உடம்பு தேறிவிட்டது, வேலைக்குப் போகிறேன்.

டாக்டர் நிகமுக்கு என் வணக்கத்தைச் சொல். தொண்ணூற்றி ரெண்டில் மருந்து கொடுத்தது மிகச் சரி, நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். நம்பாத ஒன்றையும் நோயாளிக்காகச் செய்ய ஒப்புக்கொண்டாரே, அது எல்லோருக்கும் வராது. உனக்கு உதவியது ஏலியாம்மாவின் விரலா, மருந்தா, அவர் பேச்சா என்று நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன், எனக்குத் தெரியாது. இங்கேயும் இன்னும் அப்படித்தான். அழுத்தினால் வாந்தி குறைகிறது என்று தைரியமாகச் சொல்வேன். பிரஷரைப் பற்றி இன்னும் நிறையப் பேரைப் பார்க்க வேண்டும். கேலி செய்தவர்கள் இப்போது அவர்களாகவே வந்து இடத்தைக் காட்டச் சொல்கிறார்கள்.

பாப்பாவுக்கு என்ன பெயர்?

அன்புடன்,
சந்திரா

(உறையை ஒட்டுவதற்கு முன் மடிப்பில் நான் எழுதுகிறேன், ராஜகோபால். உன் அண்ணி உன்னிடம் சொல்ல மாட்டாள். அவளுக்கும் மூன்று மாதமாக இருந்தது. ஜூனில் உன் கடிதம் வந்த மறுநாள் கலைந்துவிட்டது. அணைக்கட்டில் படுத்தபடியேதான் அந்தக் கான்பூர் டாக்டருக்கு எழுதினாள். எழுதி எழுதிக் கிழித்தாள். "உடம்பு தேறட்டுமே, இப்ப இன்னாத்துக்கு இது" என்றேன். "அவளுக்கு நாள் போய்க்கினே இருக்குதே" என்றாள். உனக்குத் தெரிய வேண்டும் என்று தோன்றியது. அவளிடம் கேட்காதே.)


கான்பூர்
9.11.1982

அன்பு அண்ணிக்கு,

இங்கே குழந்தைகளும் நாங்களும் நலம். உங்கள் இருவரின் நலத்துக்கும் தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

அண்ணன் மடிப்பில் எழுதியதைப் படித்தேன். கேட்காதே என்று எழுதியிருந்தார். கேட்கவில்லை. ஆனால் தெரியாத மாதிரி இருக்க எனக்கு வராது. ஆகஸ்டில் வந்த உங்கள் கடிதத்தை எடுத்து மறுபடியும் பார்த்தேன். எழுத்து கோணலாகத்தான் இருக்கிறது. அன்றைக்கு அது என் கண்ணில் படவே இல்லை. என் பயம் ஒன்றுதான் எனக்குத் தெரிந்தது.

டிசம்பர் கடைசியில் எல்லோரும் ஊருக்கு வருகிறோம். நேராக ஆம்பூரில் இறங்குவதாகத்தான் இருந்தோம். இப்போது எனக்குத் தயக்கமாக இருக்கிறது. குழந்தையை அம்மாவிடம் குடியாத்தத்தில் விட்டுவிட்டு, ஒரு பகல் நான் மட்டும் உங்களிடம் வரட்டுமா? உங்கள் மனசுக்கு எது சரியோ அதைச் சொல்லுங்கள். இவரும் அதைத்தான் சொல்கிறார்.

பெயர் இன்னும் வைக்கவில்லை.

சாவித்திரி


ஆம்பூர்
18.11.1982

என் சாவித்திரிக்கு,

நாங்கள் நலம். உன் அண்ணன் மூன்று நாளாக என் முகத்தைப் பார்க்காமல் சாப்பிடுகிறார். கோபம் இல்லை என்று சொல்லியும் கேட்கவில்லை.

அவர் எழுதியது உண்மை. உன்னிடம் சொல்லக் கூடாது என்று இல்லை. நீ படுக்கையில் இருந்தாய். என் செய்தி வந்தால் உன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பயப்படுவாய். அதனால் எழுதவில்லை. அப்புறம் எழுதவே வரவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் வேலைக்குத் திரும்பினேன். முதல் நாளே ஒரு சிசேரியன். முடியாது என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பார்கள். போய்த் தலைமாட்டில் உட்கார்ந்தேன். குழந்தை அழுதபோது என் கை பிரஷர் பம்ப்பிலேயே நின்றுவிட்டது. அந்தப் பெண் என்னைப் பார்த்து, "இன்னாம்மா, நம்பர் சொல்லுங்க" என்றாள். சொன்னேன். உனக்காக நான் எழுதின வரியை இங்கே எல்லோருக்கும் செய்துகொண்டிருக்கிறேன். எண் சொன்னேன், குழந்தை அழுதது, நான் உட்கார்ந்தே இருந்தேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது, அந்தச் சத்தம் என்னை ஒன்றும் செய்யாது. அது இல்லாமல் இருந்த இரண்டு மாதம்தான் தாங்க முடியாமல் இருந்தது.

அதனால் குடியாத்தத்தில் எல்லாம் விடாதே. நேராக இங்கே வா. அறையைச் சுத்தம் செய்து வைத்திருக்கிறேன். ரயிலில் பால் கொடுத்துத் தூங்க வைத்துவிடலாம் என்று பார்ப்பாய். வேண்டாம். இறங்கும்போது அவள் முழித்திருக்கட்டும். அழுதால் அழட்டும், நான் வாங்கிக்கொள்கிறேன்.

அண்ணி